குழாயை உரசிப் பார்ப்போம்

(வேடந்தாங்கலில் நடந்த இளைஞர் – மாணவர் கூடுகையில் பேசியது. பேச்சின் நடை பெரிதும் மாற்றப்படாமல் எழுத்தாக்கப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை படிக்கத்தான் கூப்பிட்டாங்க. ரெண்டு கவிதை எழுதியும் வெச்சிருந்தேன். அதை மடிச்சுப் பையில வெச்சிட்டு இன்னைக்குத் தண்ணிக் குழாயைப் பத்திப் பேசப் போறேன். பேங்க்ல குமாஸ்தா வேலை பாக்கிறவனுக்குக் குழாய்ல என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். சொல்றேன்.

எங்க கிளையில நகைக்கடன் கொடுக்கிறோம். மதிப்பீட்டாளர் ஒருத்தர் வந்து உக்காருவார். நம்ம ஜனங்க கொண்டாந்து வைக்கிற கம்மல், மூக்குத்தி, அரை சவரன் செயின் எல்லாத்தையும் உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு ஆசிட் விடுவார். அப்புறம்தான் கடன். வருசக்கணக்கா அவர் பக்கத்துல உக்காந்து லெட்ஜர் எழுதறேன். ஒருநாள் தோணுச்சு. கழுத்துல தொங்கறதை இவ்வளவு உரசிப் பாக்கறோமே, தினம் வயித்துக்குள்ள போற தண்ணி எந்தக் குழாய் வழியா வருதுன்னு யாராவது உரசிப் பார்த்திருக்கோமா?

தோணினதுக்கு ஒரு காரணம் உண்டு. முன்னாடி நான் வேலை பார்த்த கிளை ரொம்பப் பழைய கட்டடத்துல இருந்தது. மாடிப்படிக்குக் கீழ குழாய் ஒழுகுச்சு. பிளம்பர் வந்தார். சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு மொத்தையாப் போயிருந்த குழாயைச் சுரண்டினார். வெள்ளியாட்டம் பளிச்சுன்னு மின்னுச்சு. “ஈயக் குழாய் சார், வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு”ன்னார். அந்தக் குழாய்த் தண்ணியை நாங்க எத்தனை வருசம் குடிச்சோம்னு எந்தக் கணக்குலயும் இல்லை. கழட்டின துண்டைப் பிளம்பரோட உதவியாளா வந்த பையன் சாக்குல கட்டி எடுத்துக்கிட்டான். நம்ம தெருப் பையன்தான். என்ன பண்ணுவேன்னு கேட்டேன். “வூட்ல அடுப்புல உருக்கி வலைக்குக் குண்டு ஊத்துறவங்களுக்குக் குடுப்பேண்ணா”ன்னான். குழந்தைங்க சுத்தி உக்காந்திருக்கிற அடுப்பு அது. எனக்கு அன்னிக்கு அதோட அபாயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேன். அதுதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்திக்கிட்டிருக்கு.

ஈயம்ங்கிற ஒரே வார்த்தையில நாம ரெண்டு உலோகத்தைச் சொல்றோம். வெள்ளீயம் ஒண்ணு, காரீயம் ஒண்ணு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசறது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயத்துல செய்ய வேண்டியதுதான்; காரீயம் கலந்த மலிவுச் சரக்கை வாங்கினா புளியோட புளிப்புல விஷம் இறங்கும். காரீயம் கனமானது, மெதுவானது, சுலபமா உருகும், சுலபமா வளையும். அதனாலதான் ரோமாபுரி காலத்துலேருந்து அதுல குழாய் பண்ணினான். பிளம்பர்ங்கிற சொல்லே ஈயத்துக்கான லத்தீன் சொல்லுலேருந்து வந்ததுதான்.

நமக்கும் ஈயத்துக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. வேதம் ஓதுறதைக் கேட்ட சூத்திரன் காதுல ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊத்தச் சொல்லுது கௌதம தர்மசூத்திரம். பஞ்சமனுக்கு அந்தத் தண்டனையைத் தனியா எழுத வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. காதுல விழற தூரத்துக்கே நம்மை வரவிடலை. அதே ஈயத்தை நாம வேற மாதிரியும் கையில எடுத்திருக்கோம். இதே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்துல பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ பத்திரிகை தொடங்கினப்போ, அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினப்போ, அச்சுக் கோத்த எழுத்தெல்லாம் ஈய எழுத்து. காதுல ஊத்தச் சொன்ன ஈயத்தை எழுத்தாக்கிக் கோத்தவங்க நம்ம முன்னோர்.

இந்த வேடந்தாங்கலுக்கும் ஈயம் துப்பாக்கியிலதான் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தள்ளினாங்க. ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்துல பறவைகளைக் காப்பாத்துற உரிமையை எழுத்து மூலமா வாங்கினதா வரலாறு. பறவை எச்சம் கரைஞ்ச தண்ணி நிலத்துக்கு உரம், அதனால பறவையைக் காத்தாங்க. நல்ல காரியம். ஆனா அந்தத் தண்ணி யார் நிலத்துல பாய்ஞ்சது? 1891இல் இதே செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களோட நிலைமையைப் பத்தி அறிக்கை எழுத வேண்டி வந்ததும், அதுக்கு அப்புறம் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததும், நம்ம கையில நிலம் இல்லாததாலதான். அந்தப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதுக்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டுல போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தாங்க. காரணைப் போராட்டத்தை இங்க யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஈயக்குண்டைக் கல்லுன்னு நினைச்சு விழுங்கி நீர்ப்பறவைகள் சாவுதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் சதுப்பு நிலங்கள்ல ஈயக்குண்டு சுடத் தடை போட்டிருக்கு. பறவைக்கு அந்த அக்கறை கிடைச்சதுல எனக்குச் சந்தோசம். அதே அக்கறை காலனிக் குழாய் மேலயும் திரும்பணும்னு கேக்கத்தான் வந்திருக்கேன்.

ஈயம் உடம்புல என்ன பண்ணும்? நான் டாக்டர் இல்லை. படிச்சதைச் சொல்றேன். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்றதுக்கு ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரே அளவு ஈயம் உள்ள போனா, பெரியவங்க உடம்பு வாங்கிக்கிறதைப் போல நாலஞ்சு மடங்கு குழந்தை உடம்பு வாங்கிக்கும். மூளை வளர்ற வயசுல கவனத்தை, ஞாபகத்தை, கத்துக்கிற திறனைக் குறைக்கும். எலும்புல போய் சுண்ணாம்புச் சத்து மாதிரி உக்காந்துக்கும். பொம்பளைங்க கர்ப்பமா இருக்கறப்போ அந்த எலும்புலேருந்து கரைஞ்சு வயித்துப் பிள்ளைக்குப் போகும். ரத்தத்துல இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைஞ்ச குழந்தை ஈயத்தை இன்னும் அதிகமா உறிஞ்சும். இந்தியாவுல அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைகள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுது. அந்த 67இல் யார் அதிகமா இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். 2020இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை, உலகத்துல மூணுல ஒரு குழந்தை ரத்தத்துல கவலைப்படற அளவு ஈயம் இருக்குன்னு மதிப்பிட்டது. அதுல ஏறக்குறைய 27 கோடி பேர் இந்தியக் குழந்தைங்க. பழைய பேட்டரி உருக்கறது, பெயிண்ட், மசாலாக் கலப்படம், பாத்திரம்னு பல வழியில அது வருது. குழாய் அதுல ஒரு வழி. நம்ம கையால தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய வழிங்கிறதால அதைப் பேசறேன்.

ஈயத்தைக் கண்ணால பார்க்க முடியாது. மணம் இல்லை, ருசி இல்லை, தண்ணி நிறமும் மாறாது. கலங்கல் தண்ணி வந்தா நம்ம பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டுப் போய் மறியல் பண்ணிடுவாங்க. பளிங்கு மாதிரி வர்ற விஷத்துக்கு யார் மறியல் பண்றது? அதனால தண்ணியைப் பார்க்கறதை விட்டுட்டுக் குழாயைப் பாருங்க. எப்படிப் பாக்கறதுன்னு கொஞ்சம் விவரமாச் சொல்றேன். மாணவத் தோழர்கள் குறிச்சுக்குங்க.

கையில மூணு சாமான் போதும். ஒரு ரூபாய்க் காசு, பழைய ஸ்பீக்கர்லேருந்து எடுத்த காந்தம், ஒரு டார்ச் லைட். தெருக்குழாய்லேருந்து வீட்டுக்குள்ள குழாய் நுழையற இடத்துக்குப் போங்க. அழுக்கையும் சுண்ணாம்பையும் ஈரத்துணியால துடைச்சுட்டு, காசோட விளிம்பால ஒரு நெல்லளவு சுரண்டுங்க. சுலபமாச் சுரண்ட வந்து, வெள்ளி மாதிரி பளபளன்னு மின்னி, காந்தமும் ஒட்டலைன்னா அது ஈயம். தட்டினா கணீர்னு கேக்காது, சத்தம் அமுங்கிப் போகும். வளைவுகள் முட்டி போடாம கொடி மாதிரி வளைஞ்சு போகும். இணைப்பு இருக்கிற இடம் எலியை முழுங்கின பாம்பு வயிறு மாதிரி உப்பியிருக்கும். காந்தம் கப்புன்னு ஒட்டுச்சுன்னா இரும்பு. முனையில மரை வெட்டியிருந்தா பெரும்பாலும் ஜி.ஐ. பைப். சுரண்டினா செம்புக்காசு நிறம் வந்தா செம்பு. சுரண்டின கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அரம் போட்டுத் தேய்க்காதீங்க, அறுக்காதீங்க. தூள்தான் ஆபத்து. சின்னப் பிள்ளைங்ககிட்ட இந்த வேலையைக் கொடுக்காதீங்க.

இப்போ நீங்க கேப்பீங்க, ‘அண்ணா, எங்க காலனியில எங்க ஈயக் குழாய் இருக்கு, எல்லாம் நீலக் குழாயும் வெள்ளைக் குழாயும்தானே’ன்னு. சரியான கேள்வி. முழு ஈயக் குழாய் சென்னை மாதிரி பழைய நகரத்துல, பழைய கட்டடத்துல தேட வேண்டிய சமாச்சாரம். நீங்க வாடகைக்கு இருக்கிற பழைய வீடு, பழைய விடுதி, பழைய பள்ளிக்கூடம், வேலை செய்யற இடம், அங்கெல்லாம் பாருங்க. நம்ம காலனியில ஈயம் வேற வேசம் போட்டு உக்காந்திருக்கும்.

முதல் வேசம் பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக் சூட்டுலயும் வெயில்லயும் சிதையாம இருக்க ஒரு பொருள் சேர்ப்பாங்க. நம்ம நாட்டுல ரொம்ப காலம் அதுக்கு ஈய உப்பைத்தான் சேர்த்தாங்க, மலிவுங்கிறதால. கால்சியமும் துத்தநாகமும் சேர்த்துப் பண்ற வழி இருந்தும் பண்ணலை. 2021இல்தான் மத்திய அரசு பி.வி.சி. குழாய்ல ஈயத்தை ஒழிக்கிறதுக்கு விதி கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி புதைச்ச குழாய் எல்லாம் மண்ணுக்குள்ளேயே இருக்கு. அதை யாரும் தோண்டி எடுக்கலை. பி.வி.சி.யைக் காசால சுரண்டினா ஒண்ணும் தெரியாது. அதுக்கு எழுத்தைப் படிக்கணும். குழாய் முதுகுல அச்சடிச்சிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா, குடிநீர்க் குழாய்க்கான ஐ.எஸ். 4985 எண் இருக்கா, எந்த வருசம், ஈயம் இல்லைன்னு போட்டிருக்கா, பாருங்க. ஒண்ணுமே அச்சடிக்காத குழாய், வெயில் பட்டு மேல வெள்ளையாப் பொடி உதிர்ற குழாய், இதையெல்லாம் தனியாக் குறிங்க.

ரெண்டாவது வேசம் பித்தளைக் குழாய்த் திருகு. கடைசல் சுலபமா வரணும்னு பித்தளையில ஈயம் கலப்பாங்க. மூணாவது, பற்றவைப்பு. ஹாங்காங்ல 2015 ஜூலையில காய் சிங்ங்கிற அரசுக் குடியிருப்புல தண்ணியில ஈயம் வந்தது. புதுக் கட்டடம், செம்புக் குழாய். செம்பை ஒட்டவெச்ச பற்றில ஈயம் இருந்தது. சோதனை போடப் போட, ஏழைங்க குடியிருக்கிற அரசுக் குடியிருப்புகள் மொத்தம் 11இல் அதே கதை. நாலாவது, ஜி.ஐ. பைப். அதுல பூசற துத்தநாகத்துல ஈயம் கலந்திருக்கலாம். உள்ள ஏறின துருவும் ஈயத்தைப் பிடிச்சு வெச்சிருந்து ஒருநாள் உதிர்க்கும்.

இன்னொரு விசயம். நம்ம ஊர்கள்ல குழாய் எங்க முடியும்? காலனியிலதான் முடியும். ஊருக்கெல்லாம் ஓடிக் கடைசியா நம்மகிட்ட வரும். வால்ல தண்ணி ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ளேயே நிக்கும். நின்ன தண்ணிதான் ஈயத்தைக் கரைக்கும். விடியக்காலையில மொதல்ல பிடிக்கிற குடத்துல அது அதிகம். அமெரிக்காக்காரன் ‘குழாயைத் திறந்துவிட்டு அஞ்சு நிமிசம் ஓடவிடு’ன்னு சொல்றான். ஒரு மணி நேரம் தண்ணி விடற காலனியில, வரிசையில இருபது குடம் நிக்கிற இடத்துல, எங்க ஆயாகிட்ட அதைச் சொன்னா துடைப்பத்தை எடுப்பாங்க. நாம சொல்ல வேண்டியது வேற. மொத குடத்தைக் கீழ ஊத்தாதீங்க, அதைப் பாத்திரம் கழுவ, துணி துவைக்க வெச்சுக்குங்க. குடிக்கவும், சோத்துக்கும், குழந்தைக்குப் பால் கரைக்கவும் பின்னாடி பிடிச்ச குடம். இன்னொண்ணும் சொல்லணும். தண்ணியைக் கொதிக்க வைக்கறது கிருமிக்குச் சரி, ஈயம் அதால போகாது. தண்ணி சுண்டச் சுண்ட ஈயத்தோட அடர்த்தி கூடும்.

ஃபிளிண்ட்னு ஒரு ஊரைப் பத்திச் சொல்றேன். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம். லட்சம் பேர் இருந்த நகரம், பாதிக்கு மேல கறுப்பு மக்கள். கார்த் தொழிற்சாலைங்க கைவிட்டுப் போன ஊர். கடன்ல இருக்குன்னு சொல்லி, ஜனங்க தேர்ந்தெடுத்த நகரசபையை ஓரமா உக்காரவெச்சிட்டு மாநில அரசு ஒரு நிர்வாகியை நியமிச்சது. தலித் ஊராட்சித் தலைவரை நாற்காலியில உக்காரவிடாத ஊர்களைப் பார்த்த நமக்கு இது புதுசில்லை. காசு மிச்சம்னு 2014 ஏப்ரல் 25ஆம் தேதி ஏரித் தண்ணியை நிறுத்திட்டு ஃபிளிண்ட் ஆத்துத் தண்ணியை விட்டாங்க. அந்தத் தண்ணி குழாயை அரிக்கும். அரிக்காம இருக்க ஒரு பாஸ்பேட் மருந்து சேர்க்கணும். சேர்க்கலை. ஊர் முழுக்க மண்ணுக்குள்ள இருந்த ஈயக் குழாய் கரைய ஆரம்பிச்சது.

ஜனங்க பழுப்புத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுக் கூட்டத்துக்குப் போனாங்க. தண்ணி நல்லா இருக்குன்னு அதிகாரிங்க சொன்னாங்க. அதே 2014 அக்டோபர்ல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணி எங்க என்ஜின் சாமானை அரிக்குது, வேண்டாம்னு சொல்லுச்சு. உடனே அந்தத் தொழிற்சாலைக்கு வேற தண்ணி வந்தது. இரும்புக்கு ஆகாத தண்ணியைப் பிள்ளைங்க அதுக்கப்புறம் ஒரு வருசம் குடிச்சாங்க.

அதைத் தடுத்து நிறுத்தினது யார்? லீஆன் வால்டர்ஸ்னு நாலு பிள்ளைங்களோட தாய். தன் வீட்டுத் தண்ணியைச் சோதிக்க வெச்சாங்க. ஒரு லிட்டர்ல 104 மைக்ரோகிராம். நம்ம நாட்டு அளவுகோல் ஒரு லிட்டருக்கு 10தான். மறுபடி சோதிச்சா 397. அப்புறம் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் சோதிச்சப்போ ஒரு மாதிரியில 13,000ஐத் தாண்டுச்சு. 5,000க்கு மேல போனாலே அங்க அது அபாயக் கழிவு. அந்தப் பல்கலைக்கழகம் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்ப, ஊர் ஜனங்களே வீடு வீடாப் போய்த் தண்ணி பிடிச்சு அனுப்பினாங்க. 2015 செப்டம்பர்ல மோனா ஹன்னா அட்டிஷாங்கிற குழந்தை மருத்துவர் குழந்தைகளோட ரத்தக் கணக்கை வெளியிட்டார். முதல்ல அவரையும் கேலி பண்ணினாங்க. அக்டோபர் 16ஆம் தேதி பழைய தண்ணியைத் திருப்பி விட்டாங்க. இந்தக் கைவிடலுக்குப் பின்னால நிறவெறிக் கட்டமைப்பு இருக்குன்னு 2017இல் அந்த மாநிலத்துக் குடிமை உரிமைகள் ஆணையமே எழுதுச்சு.

அந்தக் கதையில குமாஸ்தாவான என்னை உறுத்தின ஒரு இடம் இருக்கு. எந்த வீட்டுக்கு ஈயக் குழாய்னு கண்டுபிடிக்கப் பதிவேட்டைத் தேடினாங்க. நகராட்சி அலுவலகத்துல பென்சில்ல எழுதின அட்டைங்க, கிட்டத்தட்ட 45,000. பாதி அழிஞ்சது, பாதி தப்பு. கடைசியில மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 11,000 குழாய்களை மாத்தி முடிக்க 2025 ஆயிடுச்சு. அமெரிக்க நகரத்துலயே கதி அப்படின்னா, நம்ம காலனியில எந்த வருசம் எந்த கான்ட்ராக்டர் எந்தக் குழாயைப் புதைச்சான்னு எந்த அட்டையில இருக்கும்? பில்லுல ஐ.எஸ்.ஐ. இருக்கும். பள்ளத்துல என்ன இருக்குன்னு பார்த்தவங்க, பள்ளம் வெட்டின நம்ம ஆளுங்கதான்.

சோதனையிலயும் தந்திரம் உண்டு. முந்தின நாள் ராத்திரியே குழாயைத் திறந்து ஓடவிட்டுட்டுக் காலையில மாதிரி எடுக்கச் சொன்னாங்க ஃபிளிண்ட்ல. ஈயம் கழுவிப் போயிடும். ரிப்போர்ட் சுத்தம். அதனால நாம எடுத்தா, ராத்திரி ஆறு மணி நேரம் தொடாத குழாய்ல காலையில வர்ற மொத ஒரு லிட்டர் ஒரு பாட்டில். கொஞ்ச நேரம் ஓடினப்புறம் இன்னொரு பாட்டில். ரெண்டுலயும் ஈயம் இருந்தா கோளாறு தெருவுல. மொத பாட்டில்ல மட்டும் இருந்தா பெரும்பாலும் வீட்டுக் குழாய்ல, திருகுல. பாட்டில் மேல வீடு, தேதி, நேரம் எழுதணும். ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிற சோதனைப் பெட்டியில உப்பு, கடினத்தன்மை, இரும்பு, புளோரைடுன்னு பார்ப்பாங்க. ஈயத்துக்கு ஆய்வுக்கூடம் வேணும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல ஆய்வுக்கூடம் இருக்கு. அங்க அந்தக் கருவி இல்லைன்னா, இருக்கிற இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. வேதியியல் படிக்கிற தோழர்களே, உங்க கல்லூரியில அந்தக் கருவி இருந்தா அது உங்க அப்பன் கூலியில வசூலான வரியில வாங்கினது. உரிமையோட கேளுங்க.

இந்தப் பேச்சை முன்னாடி ஒரு இடத்துல பேசினப்போ ஒரு தம்பி எழுந்து கோவமாக் கேட்டான். “அண்ணா, வேங்கைவயல்ல நம்ம தொட்டியில மலத்தைக் கலக்கறான். நீங்க வந்து மைக்ரோகிராம் கணக்குப் பேசறீங்க. இது நடுத்தர வர்க்கத்துக் கவலை இல்லையா?” அன்னிக்கு எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. யோசிச்சு இப்போ சொல்றேன்.

வேங்கைவயல்ல என்ன நடந்தது? 2022 டிசம்பர்ல புள்ளைங்க வாந்தி பேதியில விழுந்தாங்க. தண்ணியைப் பாருங்கன்னு மருத்துவமனையில சொன்னாங்க. ஜனங்களே தொட்டி மேல ஏறி மூடியைத் திறந்து பார்த்தாங்க. அதிகாரி யாரும் ஏறலை. அப்புறம் விசாரணைன்னு சொல்லி 2023இல் மரபணுச் சோதனைக்கு அந்த மக்களையே ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டாங்க. தண்ணியில விஷம்னு சொன்னவன் ரத்தத்தை முதல்ல சோதிக்கிற அரசு இது. 2025 ஜனவரியில சி.பி.சி.ஐ.டி., அதே குடியிருப்பைச் சேர்ந்த மூணு பேரையே குற்றம் சாட்டுச்சு. அந்த மக்கள் அதை ஏத்துக்கலை. இதுலேருந்து நான் கத்துக்கிட்டது என்னன்னா, சோதனைங்கிறது அறிவியல் சமாச்சாரம் மட்டும் இல்லை. எதைச் சோதிக்கிறது, யாரைச் சோதிக்கிறது, ரிப்போர்ட் யார் கையிலன்னு முடிவு பண்றது அதிகாரம். மலம் கலந்தது கண்ணுக்குத் தெரிஞ்ச வன்கொடுமை. ஈயம் யாரோட வன்மமும் தேவைப்படாத கொடுமை. மலிவுக் குழாய், கடைசி இணைப்பு, யாரும் பார்க்காத அலட்சியம் போதும். தம்பி, ரெண்டுக்கும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியது நாமதான்.

இன்னொரு எச்சரிக்கை. நம்ம புள்ளையைப் பார்த்து ‘மரமண்டை, உனக்கெல்லாம் படிப்பு ஏறாது’ன்னு வாத்தியார் சொல்லி வளர்ந்தவங்க நாம. ஈயத்தால படிக்கிற திறன் குறையும்னு நான் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு, ‘பார், சேரிப் புள்ளைக்கு மூளை குறைவுன்னு அவனே சொல்றான்’னு தகுதி–திறமைக்காரன் கிளம்புவான். அதுக்கு இடம் கொடுக்காதீங்க. ஈயம் சாதி பார்த்து வேலை செய்யாது. அக்கிரகாரத்துப் புள்ளை குடிச்சாலும் அதே வேலைதான் செய்யும். யார் வீட்டுக்கு அது அதிகமாப் போகுதுங்கிறதுலதான் சாதி இருக்கு. அதோட, எந்தத் தாய்கிட்டயும் போய் ‘உன் புள்ளைக்கு விஷம் கொடுத்துட்டே’ங்கிற தொனியில பேசாதீங்க. குழாயைப் போட்டது அவ இல்லை. பயந்து குழாயை விட்டுட்டு மூடாத கிணத்துக்குப் போறதும் கூடாது. குழாய் நம்ம உரிமை. பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுச் சாலை எல்லாருக்கும் பொதுன்னு 1924இல் சென்னைச் சட்டசபையில ரெட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து வாங்கின உரிமையோட தொடர்ச்சி அது.

இனி வேலை. ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்க. நான் லெட்ஜர் எழுதறவன், கட்டம் எப்படிப் போடறதுன்னு சொல்றேன். வீட்டு எண், குழாய் நுழையற இடத்துல என்ன உலோகம், காந்தம் ஒட்டுச்சா, சுரண்டினா என்ன நிறம், குழாய் மேல என்ன எழுத்து, எந்த வருசம் போட்டது, திருகு பித்தளையா பிளாஸ்டிக்கா, வீட்டுல ஆறு வயசுக்குட்பட்ட குழந்தை இருக்கா, கர்ப்பிணி இருக்காங்களா. தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க. அழகுக்காக நிரப்பாதீங்க. பொய்க் கணக்கு நம்மகிட்டேருந்து போகக் கூடாது. காலனி, ஊர் ரெண்டுலயும் எழுதுங்க. ஊர்க்காரன் வீட்டுலயும் குழந்தை இருக்கு, ஒப்பிட்டுப் பார்க்கவும் நமக்குக் கணக்கு வேணும். அங்கன்வாடியையும் பள்ளிக்கூடத்தையும் விடாதீங்க. ஒரு பிரதி ஊராட்சிக்கு, ஒரு பிரதி நம்மகிட்ட. குழாய் வாங்கின பில்லைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க.

மார்ச் 20 மகாத் நாள். 1927இல் அன்னிக்குத்தான் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்துல இறங்கித் தண்ணியை அள்ளிக் குடிச்சார். ரெண்டு நாள் கழிச்சு மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டுல அன்னிக்குக் கிராமசபை கூடுது. மகாத் நாள் அன்னிக்குப் படம் வெச்சு மாலை போட்டு முடிச்சிடாம, நோட்டோட தெருவுல இறங்குவோம். ரெண்டு நாள்ல அம்பது வீடு பார்க்கலாம். 22ஆம் தேதி அந்த நோட்டைக் கிராமசபையில வாசிச்சு, எந்தெந்தக் குழாயைச் சோதிக்கணும், எதை மாத்தணும்னு தீர்மானமா எழுத வைப்போம். எழுத மறுத்தா, மறுத்தாங்கன்னு நம்ம நோட்டுல எழுதுவோம்.

வெளியில திண்ணையில ஒரு பெட்டியில காந்தத் துண்டுங்க வெச்சிருக்கேன். கைரேடியோ ரிப்பேர் கடையில வாங்கினது, முப்பது இருக்கு. போறப்போ ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்க. கவிதை அடுத்த கூட்டத்துல படிக்கறேன்.

ஜெய்பீம்.